இடது கைக்கு ஒரு கைதட்டு

ஷிப்ட் முடிந்து வீடு திரும்பி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நடுவயதில் கீபோர்டுக் கட்டை தட்டிப் பழகுகிறவர்களுக்கான கட்டுரை இது.

ஒரகடத்தில் லாரி செய்கிறார்கள், கார் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள், புல்லட் செய்கிறார்கள். இது ஊருக்கே தெரியும். அதே ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகால் சிப்காட்டில் கீபோர்டும் கிடாரும்கூடச் செய்கிறார்கள் என்பது, தினமும் அந்த ரோட்டில் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போகிற பலருக்கே புதுச் செய்தியாக இருக்கலாம். யமஹா மியூசிக் நிறுவனத்தின் இந்தியத் தொழிற்சாலை 2019-ல் உற்பத்தியைத் தொடங்கியது. பைக் செய்யும் யமஹாவும் அந்தப் பக்கமே இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர் ஒன்றுதான், கம்பெனி வேறு. 1955-லேயே மோட்டார் பிரிவு தனியாகப் போய்விட்டது.

இரண்டுக்கும் பெயர் கொடுத்த டோரகுசு யமஹா இசைக் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர். 1887-ல், முப்பத்தைந்து வயதைத் தாண்டிய நிலையில், ஜப்பானின் ஹமமட்சு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்கன் ரிப்பேர் என்று கூப்பிட்டார்கள். போனார், பிரித்தார், சரிசெய்தார். உள்ளே பார்த்ததை வைத்து நாமே ஒன்று செய்யலாமே என்று தோன்றியது. செய்தும்விட்டார். அதை டோக்கியோவிலிருந்த இசைக் கல்விக்கூடத்தில் காட்டி அபிப்பிராயம் கேட்க வேண்டும். கூட்டாளி ஒருவருடன் ஆர்கனைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து, ஹகோனே மலையைத் தாண்டி, சுமார் 250 கிலோமீட்டர் நடந்து போனார்கள். அங்கே கிடைத்த தீர்ப்பு: சுருதி சரியில்லை.

அவர் உடனே ஊருக்குத் திரும்பவில்லை. ஒரு மாதம் அங்கேயே தங்கி, சுருதி என்றால் என்ன, அது எப்படிச் சேர்கிறது என்று முதல் பாடத்திலிருந்து படித்தார். பிறகு ஊருக்கு வந்து இரண்டாவது ஆர்கன் செய்தார். அது தேறியது.

வல்லம் வடகாலில் பெட்டிக்குள் போகிற ஒவ்வொரு கீபோர்டுக்கும் பின்னால், வளர்ந்த பிறகு இசையின் அரிச்சுவடி படித்த ஓர் ஆள் இருக்கிறார். அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் தாக்குப்பிடிக்கிறார்கள்?

வளர்ந்த பிறகு படிப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. மறைமலை நகரையே எடுத்துக்கொள்வோம். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. கால் நூற்றாண்டு ஓடிய லைன். அதில் நின்றவர்கள் நடுவயதில் மறுபடி பயோடேட்டா எழுதினார்கள், வேறு வேலைக்கும் வேறு மெஷினுக்கும் பழகினார்கள். வளர்ந்த பிறகு முதல் பெஞ்சில் உட்காருவது என்ன பாடு என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் வயிற்றுக்காகப் படித்தால் ஊர் மதிக்கும். ஆசைக்காகப் படித்தால் "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்கும். பியானோ என்றால் கேள்வி இன்னும் கூர்மையாக வரும். தமிழ் சினிமா நமக்குக் காட்டிய பியானோ பங்களா ஹாலில் இருக்கும். 'புதிய பறவை' (1964) காலத்திலிருந்து அது பணக்கார வீட்டுச் சாமான். சிங்கப்பெருமாள் கோவிலில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டுக்குள் அது எங்கே நுழையும்? கீபோர்டாக நுழைந்தது. 61 கட்டை, ஹெட்போன் ஓட்டை, பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலை. பக்கத்து வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கினாலும் கவலையில்லை. 88 கட்டையும் விரலுக்குக் கனமும் உள்ள டிஜிட்டல் பியானோ வேண்டுமென்றால் விலை சில மடங்கு ஏறும். நிஜ மரப் பியானோ லட்சங்களில். நம் கடற்கரை ஈரப்பதத்தில் அதைச் சுருதி கலையாமல் வைத்திருப்பது தனிச் செலவு. ஆரம்பிக்க 61 தாராளம்.

நுழைந்தது சரி. ஆறு மாதத்தில் அது பீரோ மேல் ஏறிவிடுகிறது. தமிழ்நாட்டில் பீரோ மேல் பழைய வேட்டி போர்த்திக் கிடக்கும் கீபோர்டுகளைக் கணக்கெடுத்தால் ஒரு தொழிற்சாலையின் உற்பத்திக்குச் சமமாக வரும் என்பது என் சந்தேகம்.

காதுக்கு வயது நாற்பது

ஏன் ஏறுகிறது? விரல் மரத்துவிட்டது, மூளை இறுகிவிட்டது என்பார்கள். இதில் முழு உண்மை இல்லை. ஜெனீவாவிலும் ஜெர்மனியின் ஹனோவரிலும் 62 முதல் 78 வயது வரையிலான, அதற்கு முன் ஆறு மாதத்துக்கு மேல் இசை பழகாத 132 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2023-ல் அதன் முடிவு வெளியானது. பாதிப் பேர் ஆறு மாதம் பியானோ பழகினார்கள், மீதிப் பேர் இசையைக் கவனித்துக் கேட்கப் பழகினார்கள். இரு தரப்பிலும் மூளையின் சில பகுதிகளில் சாம்பல்நிறத் திசு கூடியது. மனத்தில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யும் திறன் சராசரியாக 6 சதவீதம் ஏறியது. ஓய்வுபெற்றவர்களுக்கே இது நடக்கிறது என்றால், நாற்பது வயதுக்காரர் விரலைக் குறை சொல்வது வெறும் சாக்கு.

உண்மையான தொல்லை காதில் இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்குக் காதும் புதிது, விரலும் புதிது. தான் அடிக்கிற 'டொங் டொங்' அதற்கு நன்றாகவே இருக்கும். நாற்பது வயதுக்காரரின் காது அப்படியில்லை. டீக்கடை ரேடியோ, ஸ்பீக்கர் வைத்த கல்யாண வீடு, நைட் பஸ் என்று நாற்பது வருடமாக இளையராஜாவையும் எம்.எஸ்.வி.யையும் ரகுமானையும் குடித்து வளர்ந்த காது அது. அதன் பக்கத்தில் பிறந்து ஒரு வாரமான விரலை உட்கார வைத்தால், விரல் செய்வதெல்லாம் குற்றமாகத்தான் தெரியும். வளர்ந்தவர்கள் பியானோவை விடுவது அவர்களுக்கு இசை தெரியாததால் இல்லை. ரொம்பத் தெரிந்ததால் விடுகிறார்கள்.

அதனால்தான் சின்னச் சின்னப் படிகளைக் கொண்டாடுவது பெரியவர்களுக்குப் பிள்ளைகளைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. பிள்ளைக்கு டீச்சர் நோட்டில் நட்சத்திரம் ஒட்டுகிறார், அம்மா கைதட்டுகிறார், ஆண்டு விழாவில் மேடை கிடைக்கிறது. பெரியவருக்குக் கைதட்ட ஆள் கிடையாது. அவரேதான் தட்டிக்கொள்ள வேண்டும். வெட்கமாக இருக்கும்தான்.

வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல இந்தப் பகுதியைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மறைமலை நகர் வரை ஜப்பானிய, கொரிய வழக்கங்களைக் கற்ற ஆலைகள். கைசன், அதாவது சின்னச் சின்னதாக மேம்படுத்துவது, என்ற சொல் இங்கே கேன்டீன் பேச்சில் வரும். போல்ட் டிரேயை அரையடி பக்கத்தில் நகர்த்தி வைத்ததால் ஒரு வண்டிக்கு மூன்று விநாடி மிச்சம் என்று ஒரு ஆபரேட்டர் எழுதிக் கொடுத்தால், அது போர்டில் ஏறும். முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று போட்டோ ஒட்டுவார்கள். மாதக் கூட்டத்தில் பெயர் வாசித்துக் கைதட்டிப் பரிசும் கொடுப்பார்கள். மூன்று விநாடிக்குக் கைதட்டு வாங்கிய அதே மனிதர் வீட்டுக்குப் போய், போன வாரம் தடுமாறிய இடத்தை இந்த வாரம் தடுமாறாமல் வாசித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு வாசிப்பா" என்று சுவிட்சை அணைக்கிறார்.

தெரேசா அமபிலி என்ற ஹார்வர்டு பேராசிரியர் ஸ்டீவன் கிராமருடன் சேர்ந்து 2011-ல் ஒரு புத்தகம் எழுதினார். 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 ஊழியர்கள் எழுதிய சுமார் 12,000 நாட்குறிப்புகளைப் படித்துப் பார்த்ததன் விளைவு அது. வேலை நாளில் மனம் நிறைந்திருந்த தினங்களுக்குப் பின்னால் மற்ற எதைவிடவும் அதிகமாக இருந்தது ஒன்றுதான்: பொருளுள்ள ஒரு வேலையில் கொஞ்சமாவது முன்னே நகர்ந்திருப்பது. பெரிய வெற்றியாக இருக்க வேண்டியதில்லை. ஊழியர்களை எது ஊக்குவிக்கும் என்று 669 மேலாளர்களிடம் கேட்டபோது, இந்த 'முன்னே நகர்வு'க்குத்தான் அவர்கள் கடைசி இடம் கொடுத்தார்கள். நம் வீட்டு மேலாளர், அதாவது நம் மனசு, அந்த 669 பேரில் ஒருவர்தான்.

படிக்கட்டு ஏற்கனவே இருக்கிறது

எதைப் படி என்று எடுத்துக்கொள்வது? இதற்கு ஐரோப்பாவுக்கு ஓட வேண்டாம். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று கர்நாடக சங்கீதம் ஐந்நூறு வருடமாகப் படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறது. புரந்தரதாசர் வகுத்த முறை என்பார்கள். ஒரு கீதம் முடிந்து, குருவை வணங்கி அடுத்ததைத் தொடங்குவதும் ஒரு சின்னக் கொண்டாட்டம்தான். அரங்கேற்றம் என்ற பெரிய பந்தல் நம் கண்ணை மறைத்துவிட்டதால், இந்தச் சின்னப் பந்தல்கள் மறந்துபோயின.

கீபோர்டில் இதைச் செய்து பார்க்கிறவருக்கு ஒரு ரகசியம் சீக்கிரம் புலப்படும். ஒரு கட்டை சுருதியில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் சங்கராபரணம். மேற்கத்தியர் சி மேஜர் என்று முதல் பாடமாக வைப்பதும் அதுவே. நாமோ முதல் பாடத்தை மாயாமாளவகௌளையில் வைத்திருக்கிறோம். கீபோர்டில் அதற்கு ரிஷபமும் தைவதமும் கறுப்புக் கட்டைக்கு ஏறிவிடும். வெள்ளையில் ஸ்கேல் பழகியவர், அந்த இரண்டு கறுப்பையும் தேடாமல் தொட்டுச் சரளி வரிசையை மேலும் கீழும் வாசித்துவிட்ட நாள் ஒரு நாள். காலண்டரில் வட்டம் போட வேண்டிய நாள்.

அதற்கும் முன்னால் ஒரு படி உண்டு. ஸ்கேலில் கட்டை எட்டு, விரல் ஐந்து. மூன்றாவது சுரத்துக்குப் பிறகு கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் புகுந்து நான்காவது சுரத்தைப் பிடிக்க வேண்டும். முதல் வாரம் இது முழங்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சாயங்காலம், எப்போது புகுந்தது என்று நமக்கே தெரியாமல் புகுந்துவிடும். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. வாசிக்கிறவருக்குத் தெரியும்.

இதையெல்லாம் தாண்டி, என் தீர்ப்பில் இந்தப் பயணத்தின் உண்மையான மைல்கல் ஒன்றுதான்: இரண்டு கையும் சேர்வது.

வலது கைக்குப் பாட்டு, இடது கைக்குத் துணை. வலது கையைத் தனியாகப் பழகினால் ஒரு வாரத்தில் பாட்டு வந்துவிடும். இடது கை கார்டுகளை, அதாவது ஒன்றாக அழுத்தும் சுரங்களை, தனியாகப் பழகினால் அதுவும் வந்துவிடும். இரண்டையும் சேர்த்து வாசிக்கப் போனால் இரண்டுமே காணாமல் போகும். இருபத்தைந்து நாள் பழகியது இருபத்தைந்து விநாடியில் அழிந்ததுபோல் இருக்கும். கீபோர்டு பீரோ மேல் ஏறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் என்று நினைக்கிறேன். இதில் ஆளின் குற்றம் எதுவும் இல்லை. இரண்டு கையும் ஒன்றையொன்று பார்த்து ஒரே மாதிரி அசைவதே உடம்புக்கு இயல்பு. ஒரு கையால் மேசையில் வட்டம் போட்டுக்கொண்டு மறு கையால் தட்டிப் பாருங்கள், தெரியும்.

ஆனால் இந்த ஊர்க்காரர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் தினமும் பைக் ஓட்டுகிறவரின் இடது கை கிளட்சை மெல்ல விடுகிறது, அதே நொடியில் வலது கை ஆக்சிலேட்டரைத் திருகுகிறது. ஒன்று விடுகிறது, ஒன்று பிடிக்கிறது, கால் கியரைப் பார்த்துக்கொள்கிறது. பைக் பழகிய முதல் வாரம் எத்தனை முறை வண்டி அணைந்தது? ஒருவரும் பைக்கை விற்றுவிடவில்லை. பிறகு ஒருநாள் யோசனையே இல்லாமல் வண்டி நகர்ந்தது. அந்த உடம்புதான் இப்போது கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

வழியும் அதேதான், மெதுவாக. தாளம் தட்டும் மெட்ரோனோமைப் பாதி வேகத்துக்கும் கீழே இறக்கி, ஒரே ஒரு 'பார்', அதாவது ஒரு தாளச் சுற்று. அது வந்த பிறகு இரண்டாவது பார். இரண்டையும் ஒட்டுவதற்குத் தனியாக ஒரு நாள். நான்கு பார் இரண்டு கையாலும் நிற்காமல் வந்துவிட்டால் வீட்டில் கேசரி கிண்டலாம். முதல் வாய் அந்த இடது கையால் சாப்பிட முடியாது என்பது மட்டும்தான் குறை.

விரல் வலி வரும்வரை வாசிப்பது வேண்டாம். நாள் முழுக்க நட் ரன்னர் பிடித்த மணிக்கட்டுக்கு வீட்டில் இன்னொரு ஷிப்ட் தாங்காது. மோதிர விரல் தானாக எழும்பத் தயங்குவது அதன் பிறவிக் குணம், பக்கத்து விரல்களோடு தசைநாரால் பிணைந்திருப்பதால். இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் இருபது வயதைச் சற்றே தாண்டியபோது வலது கை விரல் கெட்டுப்போய் மேடைப் பியானோக் கனவையே விட்டார். விரலைப் பலப்படுத்த அவர் பயன்படுத்திய கருவிதான் காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. மருத்துவர்கள் வேறு காரணங்களும் சொல்கிறார்கள். நல்லவேளை, இசையமைக்கப் போனார்.

இருபது நிமிடம்

வேலை இருக்கிறது, நேரம் எங்கே என்பவர்களுக்கு ஆலன் ரஸ்பிரிட்ஜரைக் காட்டலாம். லண்டன் 'கார்டியன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். ஐம்பத்தாறு வயதில், இசையமைப்பாளர் ஷோபனின் முதல் 'பலாட்' உருப்படியை ஒரு வருடத்துக்குள் வாசித்துக்காட்டுவேன் என்று தனக்குத்தானே சவால் விட்டார். தொழில்முறைக் கலைஞர்களே பயப்படும் உருப்படி அது. அந்த வருடம் பார்த்துத்தான் விக்கிலீக்ஸும், பிரிட்டனின் போன் ஒட்டுக்கேட்பு ஊழலும் அவர் மேசைக்கு வந்தன. ஆபீஸ் போவதற்கு முன் காலையில் இருபது நிமிடம், முடிந்த நாளில். ஒரு வருடத்தில் முடியவில்லை, பதினாறு மாதம் பிடித்தது. அதைப் புத்தகமாகவும் எழுதினார், 2013-ல் வந்தது. அந்தப் புத்தகம் ஜெயித்த கதையாக இல்லாமல், ஒரு பக்கம் சரியாக வந்தது, மறுநாள் போனது, ஒரு விரல் முறையை மாற்றியதும் திரும்பி வந்தது என்று நாள் கணக்காகப் போகிற குறிப்பேடாக இருப்பதுதான் அதன் ருசி. அவர் சின்ன வயதில் பியானோ பழகியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடியிலிருந்து ஆரம்பிக்கிற நம் ஆபரேட்டருக்கு ஷோபன் எல்லாம் தூரத்து மலை.

ஷிப்ட் மாறி மாறி வருகிறவர்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று. விரல் வித்தை கட்டை மேல் பாதிதான் படிகிறது, மீதி தூக்கத்தில் படிகிறது. 2002-ல் தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கரின் குழு செய்த ஆய்வில், விரல்களை ஒரு வரிசையில் தட்டப் பழகியவர்கள் இரவு தூங்கி எழுந்ததும், கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமலே சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் நடந்த இன்னோர் ஆய்வு, தூக்கம் இரவில் வந்தாலும் பகலில் வந்தாலும் இந்தப் பலன் கிடைப்பதைக் காட்டியது. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் பதினைந்து நிமிடம் வாசித்துவிட்டுப் படுக்கிறவர் நேரத்தை வீணாக்கவில்லை. நேற்று வராதது இன்று எழுந்ததும் வந்தால் அதையும் குறித்து வையுங்கள்.

தேர்வு எழுதலாமா?

நம் ஆட்களுக்கு சர்டிஃபிகேட் இல்லாமல் எதுவும் நிறைவாகாது. லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வும், ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வும் சென்னையில் நெடுங்காலமாக நடக்கின்றன. அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல், 1842-ல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய கடை, டிரினிட்டி தேர்வோடு பல தலைமுறையாகச் சேர்ந்து பேசப்படும் பெயர். இனிஷியல், பிறகு முதல் கிரேடிலிருந்து எட்டாவது கிரேடு வரை. டிரினிட்டியில் 100-க்கு 60 வாங்கினால் தேர்ச்சி. வயது வரம்பு கிடையாது. தேர்வு நாளில் காத்திருக்கும் அறையில் யூனிஃபார்ம் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தால், "அங்கிள், உங்க பாப்பாவுக்கு எத்தனாவது கிரேடு?" என்று கேட்பார்கள். சிரித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் போகலாம். தேர்வு ஒரு நல்ல கெடு, அதற்கு மேல் அதை உயர்த்த எனக்கு விருப்பமில்லை. மூன்று உருப்படியை ஒரு வருடம் அரைத்து மார்க் வாங்கி, நான்காவதாக ஒரு பாட்டு வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை இந்த ஊர் நிறையவே பார்த்திருக்கிறது. பெரியவர்களுக்கும் அது வேண்டுமா?

தேர்வை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்ட ஒருவரைச் சொல்லாமல் தமிழில் இந்தக் கட்டுரை முடியாது. பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய், அறுபதுகளின் கடைசியில் சென்னை வந்தபோது இளையராஜாவுக்கு ஹார்மோனியம் தெரியும், மேடை தெரியும், ஜனங்களின் காது தெரியும். மேற்கத்திய இசையை ஐந்து கோட்டில் முறையாக எழுதிப் படிப்பது மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில், தன்ராஜ் மாஸ்டரிடம் தொடங்கியது. அப்போது வயது இருபத்தைந்தை ஒட்டி. அஞ்சல் வழியில் டிரினிட்டி கிடார் தேர்வும் எழுதித் தங்கப் பதக்கம் பெற்றார். பகலில் மற்ற இசையமைப்பாளர்களிடம் வாத்தியம் வாசிக்கிற வேலை, மீதி நேரத்தில் பாடம். 'அன்னக்கிளி' 1976-ல்தான் வந்தது. இடையில் இருந்த அந்த வருடங்களை நாம் ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். 2025 மார்ச் 8-ல் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது கைதட்டியவர்கள் அந்த லாட்ஜ் அறைப் பாடங்களுக்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள். நீங்களும் இளையராஜா ஆகலாம் என்று ஏமாற்ற இதைச் சொல்லவில்லை. ஆக மாட்டோம். அவரும் ஒரு காலத்தில் இன்றைய பாடம் வந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வளர்ந்த மாணவர் என்பதற்காகச் சொல்கிறேன்.

எப்படிக் கொண்டாடுவது, எப்படிக் கூடாது

மாதம் ஒருமுறை, சம்பள நாளில், அப்போது தெரிந்ததை போனில் ரெக்கார்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம். நான்காவது மாதம் முதல் மாதத்தைக் கேளுங்கள். கைசன் போர்டில் ஒட்டும் இரண்டு போட்டோவுக்கு இதுதான் ஈடு.

வீட்டுக்குள் ஒரு மேடை வேண்டுமென்றால் பிள்ளையின் பிறந்தநாள் இருக்கிறது. எல்லாரும் பாடும் அந்தப் பிறந்தநாள் பாட்டுக்கு ஓர் எட்டுச் சுர இடைவெளியும் மூன்று கார்டும் போதும். சி ஸ்கேலில் வெள்ளைக் கட்டையைத் தாண்டவே வேண்டாம். கேக் வெட்டும்போது போனில் பாட்டுப் போடாமல் அப்பாவோ அம்மாவோ வாசித்தால், நடுவில் தப்பினாலும் பாடுகிறவர்கள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆயுத பூஜைக்கு ஆலையில் மெஷினுக்குச் சந்தனம் வைக்கிற கை, வீட்டில் கீபோர்டுக்கும் ஒரு பொட்டு வைக்கட்டும். மறுநாள் விஜயதசமி, புதுப் பாடம் தொடங்க நல்ல நாள்.

கூடாதவை என்று பார்த்தால், முதலில் ரீல்ஸ். இரண்டு பார் வந்ததும் இன்ஸ்டாகிராமில் போட்டால், லைக் வந்தாலும் கெடுதல், வராவிட்டாலும் கெடுதல். 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் ஜெயித்த சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரத்தின் வீடியோ அடுத்ததாக வரும், உங்கள் இரண்டு பார் செத்துப்போகும். பாடம் சொல்லித்தரும் ஆப் கொடுக்கும் நட்சத்திரங்களையும் ரொம்ப நம்ப வேண்டாம். நாள் தவறாமல் திறந்ததற்கும் அது கொடுக்கும், இடது கை நன்றாக வாசித்ததற்கும் அதையே கொடுக்கும். மூன்றாவது, 'முதல் பாட்டு வந்தால் புது மாடல் வாங்குவேன்' என்ற பரிசு. கீபோர்டு வாங்குவது வாசிப்பது ஆகாது. கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாகக் கம்பெனிகளுக்கும் அரசுக்கும். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க, 706 கோடி ரூபாய்க்கும் மேல் செலவழித்துக் கட்டிய விடுதியை 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்து வைத்தார். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பெண்கள், வீட்டை விட்டு வந்தவர்கள், ஷிப்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே சொந்தமாக ஒரு மணி நேரம் மிஞ்சுகிறவர்கள். அதே சிப்காட்டில் கீபோர்டு தயாராகிறது. ஆண்களுக்கு ஆலைக்கு ஆலை கிரிக்கெட் போட்டி நடக்கிறது, கோப்பை உண்டு. விடுதியின் பொது அறைகளிலும் ஆலைகளின் ஓய்வறைகளிலும் ஆளுக்கு ஹெட்போனோடு நான்கைந்து கீபோர்டும், வாரம் இரண்டு நாள் வந்து போக ஒரு டீச்சரும் வைக்க ஆகும் செலவு, ஒரு கிரிக்கெட் கோப்பைச் செலவைவிடப் பெரிதாக இருக்காது. சிப்காட்டும் கம்பெனிகளும் அடுத்த ஆயுத பூஜைக்குள் ஒரே ஒரு விடுதியில் இதைத் தொடங்கிப் பார்க்கட்டும்.